கராச்சியில் பூட்டப்பட்ட சபை
(மக்கள் மன்றங்களின் கதை – 17)

1954 செப்டம்பர் 21 அன்று கராச்சியில் பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபை கூடியபோது, கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது ஊரில் இல்லை. அந்த நேரம் பார்த்து உறுப்பினர்கள் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்து அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். அமைச்சர்கள் சபையின் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். சபைக்கு நம்பிக்கை உள்ளவரை அவர்கள் பதவியில் நீடிப்பார்கள். அவர்களது ஆலோசனைக்குக் கவர்னர் ஜெனரல் கட்டுப்பட்டவர். நினைத்த மாத்திரத்தில் ஓர் அமைச்சரவையை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் இனி அவருக்குக் கிடையாது. திருத்தத்தின் சாரம் இவ்வளவுதான்.

நாடாளுமன்ற ஆட்சி நடக்கும் எந்த நாட்டிலும் இது அரிச்சுவடி. பாகிஸ்தானில் மட்டும் இதை ஏன் ஆள் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியிருந்தது?

விடுதலைக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் சொந்த அரசியல் சட்டம் எழுதி முடிக்கும்வரை, வெள்ளையர் விட்டுச்சென்ற 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தைச் சில மாற்றங்களுடன் வைத்துக்கொண்டுதான் ஆண்டன. இந்தியாவில் அந்த ஏற்பாடு 1950 ஜனவரி 26 அன்று முடிந்துபோனது. பாகிஸ்தானில் அது 1956 மார்ச் 23 வரை இழுத்தது. வைசிராய்களுக்காகத் தைத்த சட்டம் அது. அமைச்சர்கள் கவர்னர் ஜெனரலின் விருப்பம் உள்ளவரை பதவி வகிப்பார்கள் என்று அதில் இருந்தது. இங்கிலாந்திலும் ஏட்டளவில் அப்படித்தான். ஆனால் மன்னரின் விருப்பம் என்பது மக்கள் அவையின் பெரும்பான்மைதான் என்பது அங்கே நூற்றாண்டுகளாக ஊறிப்போன வழக்கம். அந்த வழக்கம் வேர்விடாத மண்ணில், ஏட்டில் இருந்த எழுத்தை ஒருவர் அப்படியே எடுத்துப் பிரயோகித்துவிட்டார்.

குலாம் முகம்மது மக்களிடம் வாக்குக் கேட்டு வளர்ந்த தலைவர் அல்லர். கணக்குத் துறையில் உயர்ந்த அதிகாரி; பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர். 1951 அக்டோபர் 16 அன்று ராவல்பிண்டிப் பொதுக்கூட்டத்தில் பிரதமர் லியாகத் அலி கான் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த கிழக்கு வங்கத்துக் காஜா நாசிமுத்தீன் அந்தப் பதவியை விட்டிறங்கிப் பிரதமரானார். காலியான இடத்தில் குலாம் முகம்மது அமர்த்தப்பட்டார். உடல்நலம் கெட்டவர், பின்னாளில் பக்கவாதம் தாக்கி அவர் பேசுவதே பிறருக்குப் புரியாத நிலை. அதிகாரம் பிரதமர் நாற்காலியில் இருக்கிறது, மாளிகையில் இருப்பது அலங்காரப் பதவி என்று நாசிமுத்தீன் நம்பினார். நம்பியதில் தவறில்லை. ஜின்னாவுக்குப் பிறகு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது அவரே அப்படித்தான் நடந்துகொண்டார்.

1953இன் தொடக்கத்தில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு. அகமதியாக்களுக்கு எதிரான கலவரத்தால் லாகூரில் ராணுவச் சட்டம். இத்தனைக்கும் நடுவில் நாசிமுத்தீன் அரசின் வரவு செலவுத் திட்டத்தைச் சபை நிறைவேற்றிக் கொடுத்தது. சில வாரங்களில், ஏப்ரல் 17 அன்று, கவர்னர் ஜெனரல் அவரை அழைத்துப் பதவி விலகச் சொன்னார். மறுத்தார், நீக்கப்பட்டார். வாஷிங்டனில் தூதராக இருந்த முகம்மது அலி போக்ரா பிரதமர் நாற்காலியில் அமர்த்தப்பட்டார்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். சபையில் பெரும்பான்மை உள்ள ஒரு பிரதமரை, எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் நீக்குகிறார். சபை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. நாசிமுத்தீனைத் தலைவராகக் கொண்டிருந்த அதே முஸ்லிம் லீக், போக்ராவைத் தலைவராக ஏற்றுக்கொண்டது. பழைய அமைச்சர்கள் பலர் புதிய அமைச்சரவையிலும் இருந்தார்கள். பாகிஸ்தான் நாடாளுமன்றத்தின் வீழ்ச்சியை எழுதுகிற பலர் 1954 அக்டோபரிலிருந்து தொடங்குகிறார்கள். நான் 1953 ஏப்ரலிலிருந்துதான் தொடங்குவேன். தன் பிரதமரைக் காப்பாற்ற எழுந்து நிற்காத சபை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வலுவையும் அன்றே இழந்துவிட்டது.

ஏன் எழுந்து நிற்கவில்லை? அதற்கு அந்தச் சபை பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும். 1946இல் பிரிட்டிஷ் இந்தியாவில் நடந்த மாகாணத் தேர்தல்களில் எல்லோருக்கும் வாக்கு இல்லை. சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் வாக்குரிமை. அப்படி வந்த மாகாண உறுப்பினர்கள், சுமார் பத்து லட்சம் மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், அரசியல் நிர்ணய சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பாகிஸ்தான் பகுதிக்கு உரியவர்கள் 1947 ஆகஸ்டு 10 அன்று கராச்சியில் முதன்முதலாகக் கூடினார்கள். மறுநாள் ஜின்னாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்திய அரசியல் நிர்ணய சபையும் இதே வழியில் பிறந்ததுதான். ஆனால் அது மூன்றாண்டுக்குள் வேலையை முடித்து, 1951-52இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்து ஒரு பொதுத்தேர்தலை நடத்தி, தன் இடத்தை மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்துக்கு விட்டுக்கொடுத்தது. கராச்சி சபை ஏழாண்டுகளாக அரசியல் சட்டமும் எழுதி முடிக்கவில்லை, மக்களிடமும் திரும்பிப் போகவில்லை.

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது கிழக்கு வங்கத்தில் 1954 மார்ச்சில் தெரிந்தது. வயதுவந்தோர் வாக்குரிமையில் நடந்த மாகாணத் தேர்தல் அது. பஸ்லுல் ஹக், சுஹ்ராவர்தி, மௌலானா பாஷானி மூவரும் சேர்ந்து அமைத்த ஐக்கிய முன்னணி, 237 முஸ்லிம் தொகுதிகளில் 223ஐப் பிடித்தது. நாட்டைப் பெற்றுத் தந்த முஸ்லிம் லீகுக்குப் பத்து இடம் கூடத் தேறவில்லை. முதலமைச்சர் நூருல் அமீன் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். கராச்சி சபையில் கிழக்கு வங்கத்தின் பெயரால் உட்கார்ந்திருந்த லீக் உறுப்பினர்களுக்குப் பின்னால் கிழக்கு வங்கம் இல்லை என்பது வெட்டவெளிச்சமானது. வென்றவர்களும் அதைத்தான் கேட்டார்கள்: புதிய சபையைத் தேர்ந்தெடுங்கள். கராச்சியின் பதில், மே 30 அன்று பஸ்லுல் ஹக்கின் அமைச்சரவையைக் கலைத்து, பாதுகாப்புத் துறைச் செயலராக இருந்த இஸ்கந்தர் மிர்ஸாவை ஆளுநராக டாக்காவுக்கு அனுப்பியதுதான். சபை இதையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆக, செப்டம்பர் 21 அன்று அந்த உறுப்பினர்கள் செய்தது சரியான காரியம். அதைச் செய்வதற்கான பலம் மட்டும் அவர்களிடம் இல்லை.

அக்டோபர் 24 அன்று பதிலடி வந்தது. அரசியல் சாசன இயந்திரம் நொறுங்கிவிட்டது, அரசியல் நிர்ணய சபை மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டது, அதனால் இனி இயங்க முடியாது என்று சொல்லி நாடு முழுவதும் நெருக்கடி நிலையை அறிவித்தார் குலாம் முகம்மது. அமெரிக்கப் பயணத்திலிருந்து அழைத்துவரப்பட்ட போக்ரா, புதிய அமைச்சரவைக்கும் தலைமை தாங்கச் சம்மதித்தார். திறமைசாலிகளின் அமைச்சரவை என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். தரைப்படைத் தளபதி ஜெனரல் அயூப் கான் தளபதிப் பதவியில் இருந்துகொண்டே பாதுகாப்பு அமைச்சரானார். இஸ்கந்தர் மிர்ஸா உள்துறை அமைச்சர். சபைக் கட்டடத்தைப் போலீஸ் சூழ்ந்தது. கூட வந்தவர்களை உள்ளே விடவில்லை.

தெருவில் யாரும் அழவில்லை. கிழக்கு வங்கத்தில் ஐக்கிய முன்னணித் தலைவர்கள் சிலர் இதை வரவேற்கவும் செய்தார்கள். புதிய தேர்தலுக்கு வழி பிறக்கும் என்று நினைத்தார்கள். கவர்னர் ஜெனரல் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் காரணம். சபை மக்களின் நம்பிக்கையை இழந்திருந்தது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை யாருடையது என்பதுதான் கேள்வி. சபை பழுத்துப்போனால் அதற்கு மருந்து வாக்குப்பெட்டி. மக்களின் மனத்தைத் தானே படித்துவிட்டதாகச் சொல்லும் ஒருவர் சபையை மூடினால், பிறகு அவர் படித்தது சரியா தப்பா என்று கேட்க ஓர் இடம் இருக்காது. அவரை நீக்கவும் வழி இருக்காது. குலாம் முகம்மதுவுக்கு எந்தத் தொகுதி இருந்தது, எந்த வாக்காளரிடம் அவர் திரும்பிப் போக வேண்டியிருந்தது?

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. மூடப்பட்டபோது அந்தச் சபை வெறுங்கையோடு இல்லை. ஏழாண்டு இழுபறியில் அது ஓர் உடன்பாட்டை எட்டியிருந்தது. நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கிழக்கு வங்கத்தில்; ராணுவமும் உயர் அதிகாரிகளும் பெரும்பாலும் மேற்கிலிருந்து, குறிப்பாகப் பஞ்சாபிலிருந்து. நடுவில் ஆயிரம் மைலுக்கு மேல் அந்நிய நிலம். எந்தப் பகுதிக்கு எத்தனை இடம் என்ற கணக்கில்தான் எல்லா வரைவுகளும் உடைந்துகொண்டிருந்தன. 1953 அக்டோபரில் போக்ரா ஒரு சூத்திரம் வைத்தார். கீழவையில் 300 இடம். அதில் 165 கிழக்குக்கு, 135 மேற்குக்கு. மேலவையில் 50 இடம்; நாட்டை ஐந்து கூறாக்கி, கூறுக்குப் பத்து, அதாவது கிழக்குக்குப் பத்து, மேற்குக்கு நாற்பது. இரண்டையும் கூட்டினால் ஆளுக்கு 175. மக்கள் கூடுதலாக இருப்பதற்குக் கீழவை மரியாதை செய்தது. மேற்கு மாகாணங்களின் அச்சத்துக்கு மேலவை இடம் தந்தது. பாகப்பிரிவினையில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதைப் போல இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கணக்கு இது.

மொழிப் பிரச்சினையிலும் இப்படித்தான். 1948 பிப்ரவரியில் கொமில்லாவைச் சேர்ந்த திரேந்திரநாத் தத்தர் என்ற உறுப்பினர் இதே சபையில் எழுந்து, உருதுவோடும் ஆங்கிலத்தோடும் வங்காளியையும் சபையின் மொழியாக வையுங்கள் என்று கேட்டார். லியாகத் அலி கான் கடுமையாக மறுத்தார், தீர்மானம் தோற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1952 பிப்ரவரி 21 அன்று, டாக்காவில் அதே கோரிக்கைக்காக ஊர்வலம் போன மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 1954 மே மாதம் சபை உருதுவோடு வங்காளியையும் ஆட்சிமொழியாக ஏற்றது. தாமதம்தான், ரத்தம் சிந்திய பிறகுதான். ஆனாலும் தோற்ற தீர்மானம் ஆறாண்டில் வென்றது ஒரு சபை இருந்ததால். அங்கே தோற்றவர் மறுநாளும் வந்து உட்காரலாம், மறுபடியும் கேட்கலாம். ராணுவத் தலைமையகத்தில் அப்படி ஒரு நாற்காலி கிடையாது.

இந்த வரைவுகளை எல்லாம் ஒன்றாக்கி, ஜின்னாவின் பிறந்தநாளான டிசம்பர் 25 அன்று அரசியல் சட்டத்தைத் தருவதாகப் போக்ரா அறிவித்திருந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்னதாகத்தான் கதவு பூட்டப்பட்டது.

பூட்டை எதிர்த்து நின்றவர் ஒருவர். சபைத் தலைவர் மௌலவி தமீசுத்தீன் கான். கிழக்கு வங்கத்து ஃபரீத்பூர்க்காரர், வழக்கறிஞர். ஜின்னா மறைந்த பிறகு 1948 இறுதியில் சபைத் தலைவரானவர். நவம்பரில் அவர் சிந்து தலைமை நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். போலீஸ் கண்ணில் படாமல் இருக்க பர்தா அணிந்து ரிக்‌ஷாவில் நீதிமன்றம் போனார் என்றொரு கதையைப் பாகிஸ்தானில் இன்றும் சொல்வார்கள். ரிக்‌ஷாக் கதை எப்படியானாலும், கூட இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்ட நேரத்தில் அவர் தன் பெயரில் வழக்குப் போட்டார் என்பது மாறாது.

1955 பிப்ரவரி 9 அன்று தலைமை நீதிபதி ஜார்ஜ் கான்ஸ்டன்டைன் தலைமையிலான அமர்வு ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசியல் நிர்ணய சபை இறையாண்மை கொண்டது. அதைக் கலைக்கும் அதிகாரத்தை 1947ஆம் ஆண்டு இந்திய சுதந்திரச் சட்டம் கவர்னர் ஜெனரலுக்குத் தரவில்லை. தீர்ப்பு அவ்வளவு தெளிவு.

அரசு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி முகம்மது முனீர் ஒரு புதுவழி கண்டுபிடித்தார். நீதிப்பேராணை பிறப்பிக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்குத் தந்த 223-ஏ பிரிவைச் சபை 1954இல்தான் நிறைவேற்றியிருந்தது. அதற்குக் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் வாங்கவில்லை. ஒப்புதல் இல்லாத சட்டம் சட்டமல்ல. ஆகவே சிந்து நீதிமன்றத்துக்கு இந்த வழக்கைக் கேட்கவே அதிகாரம் இல்லை. மார்ச் 21 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு. சபையைக் கலைத்தது சரியா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை.

அரசியல் சாசன மசோதாக்களுக்கு ஒப்புதல் வேண்டாம், சபைத் தலைவர் கையெழுத்திட்டு அரசிதழில் வந்தால் போதும் என்ற விதி 1948இல், ஜின்னா காலத்தில் வந்தது. அப்போது சபைத் தலைவரும் அவரே, கவர்னர் ஜெனரலும் அவரே. ஏழாண்டுகளாக அரசும் நீதிமன்றங்களும் அந்த நடைமுறையை ஏற்றுத்தான் வந்திருந்தன. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி கார்னீலியஸ் இதைத்தான் எடுத்துக்காட்டினார். அந்தச் சபையை எந்த மேலதிகாரிக்கும் கீழே வைக்க முடியாது என்றார். ஆக்ராவில் பிறந்த கிறித்தவர். பின்னாளில் அந்நாட்டின் தலைமை நீதிபதியானவர். அந்த ஒற்றைத் தீர்ப்பு இன்றும் படிக்கப்படுகிறது.

பெரும்பான்மைத் தீர்ப்பின் விளைவு விரைவில் தெரிந்தது. ஒப்புதல் வாங்காத சட்டங்கள் நாற்பதுக்கு மேல். எல்லாம் ஒரே நாளில் செல்லாதவையாகிவிட்டன. கவர்னர் ஜெனரல் ஓர் அவசரச் சட்டத்தால் அவற்றுக்கு உயிரூட்டப் பார்த்தார். அரசியல் சாசனச் சட்டத்தைத் தனி ஆளாக உங்களால் இயற்ற முடியாது, அதற்குச் சபை வேண்டும் என்று யூசுப் பட்டேல் வழக்கில் அதே முனீர் நீதிமன்றம் ஏப்ரலில் சொன்னது. சபை இல்லை, சபை இல்லாமல் சட்டமும் இல்லை. நாடு சட்டப் பாழில் நின்றது. கவர்னர் ஜெனரல் நீதிமன்றத்திடமே ஆலோசனை கேட்டார். மே மாதம் வந்த கருத்துரையில்தான் அவசியக் கோட்பாடு பிறந்தது. சாதாரண நேரத்தில் சட்டவிரோதமான செயலை நெருக்கடி சட்டபூர்வமாக்கும் என்ற பழைய லத்தீன் முதுமொழி ஒன்றைத் துணைக்கு அழைத்து, புதிய சபை கூடும்வரை பழைய சட்டங்களைத் தற்காலிகமாகக் காப்பாற்றலாம் என்றது நீதிமன்றம். அந்தக் கருத்துரை சபைக்கு வழி திறக்கத்தான் எழுதப்பட்டது. ஆனால் அந்தக் கோட்பாடு தளபதிகளின் கையில் கிடைத்தபோது என்ன ஆனது என்பதை 1977இல் ஜியாவுல் ஹக் ஆட்சியைப் பிடித்ததும் உச்ச நீதிமன்றம் அதே அவசியத்தின் பெயரால் அங்கீகரித்ததில் பார்க்கலாம்.

1955 ஜூலையில் 80 பேர் கொண்ட இரண்டாவது சபை மர்ரீ மலை வாசஸ்தலத்தில் கூடியது. அதையும் மாகாண சட்டசபைகள்தான் தேர்ந்தெடுத்தன. கிழக்குக்கு 40, மேற்குக்கு 40. போக்ரா சூத்திரம் போன இடம் தெரியவில்லை. மேற்கு மாகாணங்கள் அனைத்தும் ஒரே அலகாக இணைக்கப்பட்டன. 1956 அரசியல் சட்டம் வந்தது. அதன்படி நடக்க வேண்டிய பொதுத்தேர்தல் மட்டும் வரவில்லை. தேர்தல் 1959 தொடக்கத்தில் என்று ஆனபோது, 1958 அக்டோபர் 7 அன்று, அப்போது அதிபராகிவிட்ட இஸ்கந்தர் மிர்ஸா அரசியல் சட்டத்தையே ரத்து செய்து அயூப் கானை ராணுவ ஆட்சி நிர்வாகி ஆக்கினார். இருபதே நாளில் அயூப் கான் மிர்ஸாவை நீக்கினார். 1954இல் தளபதியை அமைச்சரவைக்குள் உட்காரவைத்தவர்களில் ஒருவருக்கும் அந்த அமைச்சரவை வழங்கிய பாதுகாப்பு நிலைக்கவில்லை.

பதினோரு ஆண்டில் ஏழு பிரதமர்கள். ஒருவர்கூடப் பொதுத்தேர்தலில் வென்று வந்தவர் இல்லை, பொதுத்தேர்தலில் தோற்றுப் போனவரும் இல்லை. ஒருவர் கொலையுண்டார், மற்றவர்கள் மாளிகைச் சூழ்ச்சியிலும் கட்சி உடைப்பிலும் ராணுவ ஆணையிலும் போனார்கள். ஆட்சியை மாற்றும் அமைதியான வழி அடைபட்டால் மாற்றம் நின்றுவிடுவதில்லை. அது வேறு வாசல் வழியாக, ஆயுதத்தோடு வரும்.

அயூப் கான் 80,000 அடிப்படை ஜனநாயகர்களைத் தேர்ந்தெடுக்க வைத்து, அவர்கள் வழியாக அதிபரையும் தேசிய சபையையும் தேர்ந்தெடுக்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். 1962இல் கூடிய அந்தச் சபைக்கும் தமீசுத்தீன் கான்தான் சபாநாயகர். அடுத்த ஆண்டு காலமானார். முனீர் அதே 1962இல் அயூப் கானின் சட்ட அமைச்சரானார்.

பாகிஸ்தானின் மக்கள் எல்லோரும் சேர்ந்து தங்கள் நாடாளுமன்றத்தை நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் நாள் 1970 டிசம்பர் 7. நாடு பிறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் கிழக்கும் மேற்கும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பேரம் பேசிப் பழகும் காலம் கடந்துவிட்டது. கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் வென்றது; மேற்கில் ஒன்றுகூட இல்லை. பூட்டோவின் மக்கள் கட்சிக்கு மேற்கில் 81. கிழக்கில் ஒன்றுகூட இல்லை. மொத்தமுள்ள 300இல் பெரும்பான்மை முஜிபுக்கு. புதிய தேசிய சபை 1971 மார்ச் 3 அன்று டாக்காவில் கூட வேண்டும். மார்ச் 1 பகலில், கூட்டம் காலவரையின்றித் தள்ளிவைக்கப்படுவதாக, அயூப் கானுக்குப் பின் வந்த ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானின் அறிவிப்பு வானொலியில் வந்தது. மார்ச் 25 இரவு ராணுவம் டாக்கா தெருக்களில் இறங்கியது. 1948இல் சபையில் எழுந்து தன் தாய்மொழிக்கு இடம் கேட்ட திரேந்திரநாத் தத்தரைச் சில நாட்களில் கொமில்லா வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள்; அவர் திரும்பவில்லை.

மார்ச் 1க்கும் 25க்கும் இடைப்பட்ட நாட்களில் டாக்காவில் முஜிபும் யாஹ்யாவும் பூட்டோவும் பேசியது என்ன, கூடாத அந்தச் சபையின் உறுப்பினர்கள் எங்கே கூடினார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.